பெரட்டும் பயிற்சி அறையும்: பேராக் தோட்டத் தமிழரின் தொழில் கற்றலில் அச்சம், இளிவரல், பெருமிதம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மலேசியாவில் ஒரு தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பது நெடுங்காலம் முதலாளியின் மனத்தைப் பொறுத்த காரியமாக இருந்தது. 1992-இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்து, மறு ஆண்டு அதற்கென ஒரு நிதியும் ஏற்பட்ட பிறகுதான் அது கணக்குக்குள் வந்தது. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிதியை ஒரு கழகத்தின் கையில் கொடுத்தது. இன்று எச்.ஆர்.டி. கோர்ப் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் அவர்களின் மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை லெவியாகக் கட்டுகிறது. ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பணத்திலிருந்து செலவை மீட்டுக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் இந்தச் சட்டம் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது.

ஏற்பாடு நல்லதுதான். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு வெள்ளி என்பதெல்லாம் தாளில் துல்லியமாக இருக்கும். கற்றவரின் மனநிலை மட்டும் ஒரே ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கும்: பயிற்சி முடியும் நேரத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லாரும் பையைத் தூக்கும்போது, கையில் திணிக்கப்படும் மதிப்பீட்டுத் தாளில். டானல்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படி மதிப்பீட்டில் முதல் படி அது. பிடித்திருந்ததா, இல்லையா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டம் போட வேண்டும். ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் நடத்திய வகுப்புகளில், தோட்டத்திலிருந்து வந்த மூத்த தொழிலாளர்கள் அநேகமாக எல்லாரும் ஐந்தையே வட்டமிட்டார்கள். பயிற்சி அவ்வளவு பிடித்துப் போனதால் என்று நான் நினைக்கவில்லை. தாளின் தலையில் அவர்கள் பெயர் இருந்தது.

அந்த ஐந்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்கொண்ட களம், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து, இன்று ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் தமிழர். தோட்டங்களில் இப்போது வேலை செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்; அதை அவர்கள் மொழி தெரிந்தவர் எழுத வேண்டும்.

2. கருத்துச் சட்டகம்

உணர்ச்சியையும் வேலையையும் சேர்த்துப் பேசும் மேலை ஆய்வுகள் பல. ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சிரிப்பும் சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்பே என்றார். ஏமி எட்மண்ட்சன் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே அது விளங்கவில்லை. அந்தக் குழுக்களில் தவறு கூடுதலாக நடக்கவில்லை, தவறை வாய்விட்டுச் சொல்ல அங்கே பயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய நூலில் வரும் லைபீரியத் தையற்காரர்களைப் பின்னால் சந்திப்போம். இவற்றோடு, 1995-இல் டேனியல் கோல்மன் புகழ்பெறச் செய்த 'உணர்வறிவு' என்ற சொல்லும் பயிற்சிச் சந்தையில் நன்றாக விலை போகிறது. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோபத்தை எப்படி அடக்குவது என்று தொழிலாளிக்குச் சொல்லித்தரும் அந்த வகுப்புகள், கோபம் எங்கிருந்து வந்தது என்று மேலாளரைக் கேட்பதில்லை.

நம் கையிலேயே இன்னும் கூர்மையான ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு எழுந்தது, ஆலைக்கு எழுந்ததல்ல, தெரிந்தே எடுத்தாள்கிறேன். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. வாயைத் திறக்காத ஆளை ஆராய இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. அந்த இயல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள் வகுக்கிறது. இங்கே மூன்று போதும். அச்சத்தின் நான்கு களன்களுள் ஒன்று 'இறை'; தன்மேல் ஆணை செலுத்துபவர் என்று அதை நான் கொள்கிறேன். இளிவரல் என்னும் தாழ்வுணர்வு மூப்பாலும் நோயாலும் வருத்தத்தாலும் எளிமையாலும் பிறக்கிறது. பெருமிதத்துக்கோ கல்வியே முதல் களன். அஞ்சாமையும் புகழும் கொடையும் அதன் பின்னரே.

கல்வியை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கற்றல் ஒருவரை நிமிரச் செய்யும் என்பது அந்த வகுப்பின் உட்கிடை. பேராக் தோட்டங்களில் இரு வகைக் கற்றல் ஒரே காலத்தில் நடந்தது. ஒன்று ஆளை நிமிர்த்தியது, மற்றது குனியவைத்தது. இன்றைய பயிற்சி அறை, தன்னை அறியாமலே, இரண்டாவதன் வாரிசாகிவிட்டது என்பதே என் வாதம்.

3. நிரையில் கற்றது

3.1 கை

தென்கிழக்காசிய ரப்பர் கதைக்குப் பேராக் தாய்வீடு மாதிரி. 1877-இல் கோல கங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கன்றுகள் நாட்டின் ஆதி ரப்பர் மரங்களைச் சேர்ந்தவை. மரத்தைக் கொல்லாமல், வெட்டிய இடத்தையே மறுபடி சீவிப் பால் எடுக்கும் முறையைத் தாவரவியலாளர் எச். என். ரிட்லி சிங்கப்பூரில் சோதித்து நிலைநாட்டினார். தோட்டங்கள் பெருகின, கங்காணிகள் தமிழகத்து ஊர்களுக்குப் போய் ஆள் திரட்டினார்கள். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி அவர்களின் கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது ஓடியது. இந்த வரலாற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கை என்ன கற்றது என்பதைத்தான் யாரும் நின்று பார்க்கவில்லை.

ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. உள்ளே போகப் போக அவை செறிவு. அவற்றுக்கும் அடியில், மரம் புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிர்த் தோல் இருக்கிறது. உளி அந்தத் தோலுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நின்றுவிட வேண்டும். மேலாக நின்றால் பால் குறையும். ஒரு மயிரிழை தவறினால் மரத்தில் காயம், பிறகு அந்த இடத்தில் முண்டு. சீவலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. தடித்தால் பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். அரை வட்டமாக, இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாக, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வு. இதை விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு ஐந்நூறு மரங்கள் அளவில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் நீரழுத்தம் தணிந்து பால் குறைந்துவிடும்.

இதை எந்தப் புத்தகத்தால் கற்பிக்க முடியும்? என் அம்மா தம் சித்தியிடம் கற்றார். முதல் வருடம் உளியையே தொடவில்லையாம். சித்தியின் நிரையில், அதாவது அவருக்கு ஒதுக்கிய மரவரிசையில், பின்னால் நடந்து, பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்தார். அடுத்து வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டார். பிறகு பத்து மணிக்குப் பால் எடுத்தார். கடைசியில், பால் வற்றி, வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்யவிருந்த கிழட்டு மரங்களில்தான் உளி கைக்கு வந்தது. லேவும் வெங்கரும் காட்டும் லைபீரியத் தையற்காரர் வரிசையும் இதுவே: பித்தானும் ஓரத்தையலும் முதலில், துணியை வெட்டுவது கடைசியில். விலை உயர்ந்த தவறுகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் பாடத்திட்டம். இதைத் திட்டம் என்று தோட்டத்தில் யாரும் சொல்லவில்லை. "கூட வா, பாத்துக்க" என்றார்கள்.

அம்மா முதலில் காயம் போட்டபோது சித்தி திட்டவில்லையாம். சீவலையும் ஒட்டுப்பாலையும் கசக்கி அந்த இடத்தில் அப்பி, "இது ஒன்னத் தெரிஞ்சு வெச்சிருக்கும், போ" என்று மட்டும் சொன்னாராம். பட்டை வளர்ந்து அதே பக்கத்துக்கு உளி மறுபடி வரும்போது அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன. முண்டு அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி உளியை ஏற்றி இறக்கக் கற்றதைச் சொல்லும்போது அம்மாவின் கழுத்து தானாக நிமிரும். பெருமிதம் என்று தொல்காப்பியர் சொல்வதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

3.2 பெரட்டு

மற்றக் கற்றல் அதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, பெரட்டுக் களத்தில் தொடங்கிவிடும். பரேட் என்ற இராணுவச் சொல் தமிழ் வாயில் பெரட்டு ஆனது தற்செயல் அல்ல. வரிசை, பெயர்ப் புத்தகம், தண்டல் என்னும் மேஸ்திரி, கிராணி என்னும் எழுத்தர். எங்கோ ஒரு பங்களாவில் தொரை. பெயர் கூப்பிடும்போது ஒரு சொல் பதில்; அதற்கு மேல் சொன்னால் வாயாடி. முந்தின நாள் யார் மரத்தில் காயம் இருந்தது என்பது அங்கே எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும். சித்தி சீவலை அப்பி மறைத்தது ஏன் என்று இப்போது விளங்கும். தவறு பக்கத்தில் இருப்பவரிடம் பாடமாகவும், மேலே இருப்பவரிடம் குற்றமாகவும் இருந்தது. ஆகவே மேலே போகாமல் பார்த்துக்கொள்வதும் தொழில் திறமையில் சேர்ந்தது. எட்மண்ட்சனின் மருத்துவமனைகளில் மோசமான குழுக்கள் செய்ததும் இதையேதான்.

இந்த அச்சத்துக்கு அரசியல் அடியும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கும் அவசரகாலம் மலாயாவில் பிறந்தது. தொழிற்சங்கக்காரர் மேல் பிடி இறுகியது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகும்போது, கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதைப் பேராக்கின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் நன்றாகவே கற்று வைத்திருந்தன. பாட்டிகள் பேரன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த முறை எளிது: "நமக்கேன் வம்பு."

3.3 படிக்க முடியாத எண்

பால் ஸ்டோரில் நடப்பதை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வாளியில் பால். கிராணி மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் இறக்குவார். அது மிதக்கும் ஆழத்தை வைத்து, பாலில் எவ்வளவு உலர் ரப்பர் என்று கணக்கிட்டுப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். வாளியைச் சுமந்து வந்தவளின் கூலி அந்த எண்ணில் இருக்கிறது. எண் குறைந்தால், தண்ணீர் கலந்தாயா என்று கேள்வி. மழை பெய்த விடியல், இளம் மரம் என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கருவியின் கோட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அது அரைநாள் பாடம். அரை நூற்றாண்டாக அதை யாரும் நடத்தவில்லை. மறந்துபோய் விட்ட பாடம் என்று நான் நம்பமாட்டேன்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளிகளும் வந்தன. அங்கிருந்து பலர் வாத்தியாராகவும் கிராணியாகவும் போனார்கள், மிகப் பலர் நிரைக்கே திரும்பினார்கள். தன்னைப் பற்றி இன்னொருவர் எழுதும் எண், தான் படிக்க முடியாத எண் என்ற அனுபவம் இரு சாராருக்கும் பொது. என் வகுப்புகளில் வட்டமிடப்பட்ட ஐந்துகளைப் பார்க்கும்போது எனக்கு மெட்ரோலாக்தான் நினைவுக்கு வருகிறது.

4. துண்டாடலும் பத்து வெள்ளியும்

ஐம்பதுகளில் தொடங்கி ஐரோப்பியர் தங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆள்கள் வேலையை மட்டுமா இழந்தார்கள்? லயம், கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளி எல்லாம் சேர்ந்தே போயின. 1968-க்குப் பிறகு வேலை உரிமம் இல்லாத, குடியுரிமையற்ற சிவப்பு அடையாள அட்டைக்காரர் பலர் இந்தியாவுக்கே கப்பல் ஏறினர். ரப்பர் போன இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு மரத்தோடு தினமும் பேசும் கை வேண்டியதில்லை. குலையை எட்டும் கம்பும் தோள் வலுவும் போதும்.

இதன் நடுவே நடந்த ஒரு காரியம் நம் பொருளுக்கு நேராகப் பொருந்தும். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தாலேயே வாங்குவது நோக்கம். அதன் பொருளாதாரப் பலனைப் பற்றி வாதங்கள் உண்டு. இங்கே அது வேண்டாம். மனிதவள மேம்பாடு என்ற சொல் இந்நாட்டில் புழங்குவதற்கு முன்பே, பால் வெட்டும் பெண்கள் பங்கு, ஈவு, ஆண்டுக் கூட்டம், தீர்மானம் என்பவற்றைக் கற்றார்கள். எந்த வகுப்பும் இல்லை. தங்கள் பத்து வெள்ளி அதில் இருந்ததால் கற்றார்கள். கூட்டத்தில் கை தூக்குவதற்குப் பெரட்டுக் களத்தில் பழக்கம் கிடையாது. கூட்டுறவு அந்தக் கையைத் தூக்கவைத்தது. அச்சத்தின் 'இறை' விலகிய இடத்தில் பெருமிதத்தின் கல்வி வந்து உட்கார்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று பேராக்கில் எனக்குக் கிடைக்கவில்லை.

பெருவாரியானோருக்கு அது வாய்க்கவில்லை. 1985-இல் ஈய விலையும் சரிந்து கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, தோட்டத்திலிருந்து வந்தவர்களும் சுரங்கத்திலிருந்து வந்தவர்களும் ஈப்போவில் ஒரே வேலைக்கு நின்றார்கள். வெளியேற்றப்பட்ட தோட்டத் தமிழரின் மனத்தை மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபர்ட் 2014-இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். இழப்பு ஆவி போலத் தொடர்கிறது என்பது அவர் பார்வை. தொழில் கற்றலில் அந்த ஆவியின் முகவரியை என்னால் இன்னும் கொஞ்சம் திட்டமாகச் சொல்ல முடியும்: முப்பது வருடத் திறமை ஒரு சான்றிதழும் இல்லாமல் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது. அம்மாவின் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் காட்ட ஒரு தாளும் இல்லை. நகரத்து விண்ணப்பத் தாளில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் அவர் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதியது நான்.

5. பயிற்சி அறையில் மெய்ப்பாடு

புந்தோங்கிலோ சிலிபினிலோ குடியிருந்துகொண்டு ஜெலாப்பாங், தாசேக் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் ஐம்பது வயதுக்காரரை அறைக்குள் விட்டுப் பாருங்கள். நேராகக் கடைசி வரிசைக்குப் போவார். தாளைக் கொடுத்தால் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்வார். சிலர் உண்மையிலேயே மறந்திருப்பார்கள். கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் முதுகு நிமிரும், ஆனால் கண் தாழும். 'ஆர்வமில்லை' என்று பயிற்றுநர்கள் எழுதுவது இந்த உடம்பைப் பார்த்துத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். மூப்பும் வருத்தமும் எளிமையும் ஒன்றாகக் கூடிய இடம் அது. ஆர்வமின்மை என்ற சொல்லால் இளிவரலை மொழிபெயர்ப்பது பெரிய பிழை.

மொழி ஒரு காரணம் என்பார்கள். பேச்சு மலாய் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் கந்தோனியப் பேச்சும் வரும். தடுப்பது எழுத்து. அதையும் விட, எழுத்தில் தடுமாறுவதை மகன் வயது ஆள் பார்த்துவிடுவானே என்பது. ஒரு நிறுவனத்தில், பயிற்சித் தேர்வின் மதிப்பெண்களைப் பெயரோடு உணவுக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். ஊக்கப்படுத்தவாம். அடுத்த வகுப்புக்கு ஏழு பேருக்கு மருத்துவ விடுப்பு. சுவரில் ஒட்டிய தாளும் பெரட்டுப் புத்தகமும் ஒன்று என்று அந்த அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. அவர் தோட்டத்தைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பெரட்டுப் பழக்கம்தான்.

இளைய தலைமுறை வேறு. அதே வீட்டுப் பேத்தி பழைய நகரத்து ஹோட்டலில் முகப்பில் நின்று நாள் முழுதும் சிரிக்கிறாள். ஹோக்ஷீல்டின் பணிப்பெண் ஈப்போவுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அச்சம் குறைவு, சலிப்பு அதிகம். அது வேறு கட்டுரை.

தவறைச் சுவரில் ஒட்டும் பழக்கத்துக்கு எதிர்ச்சான்று புந்தோங்கிலேயே இருக்கிறது. அங்கே கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளை வறுக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் முதலில் பொட்டலம் கட்டி, பிறகு கடலை பிரித்து, நாளாவட்டத்தில் அடுப்படிக்கு வருகிறார்கள். கருகிய ஈடு வீட்டுக்குள்ளேயே கேலியோடு முடிந்துவிடும். நிரையில் சித்தி செய்ததும் அதுதான்.

6. ஒரு மாற்று முயற்சி

கொள்கை அளவில் நான் கேட்பது சிறிது. மதிப்பெண் கற்றவர் கைக்கு மட்டும் போகட்டும். புதிய கருவி வரும்போது, அது காட்டும் எண்ணைப் படிப்பதே முதல் பாடமாக இருக்கட்டும். மேற்பார்வையாளர் வகுப்புக்கு வந்தால் அவரும் கற்பவராக உட்காரட்டும். வகுப்பு தொடங்குமுன், வந்தவர் தமக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்குக் கற்பிக்க அரைமணி நேரம் இருக்கட்டும். லெவிக் கணக்கில் இதற்கெல்லாம் தனிச் செலவு எதுவும் இல்லை.

கடைசியில் சொன்னதை ஒரு முறை செய்து பார்த்தேன். ஒரு தொழிற்சாலையின் பொதியிடும் பிரிவில் கைஸ்கேனர் புதிதாக வந்திருந்தது. பன்னிரண்டு பேர். கடைசி வரிசையில் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். முதல் இரண்டு வகுப்புகளில் "சரிங்க சார்" தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்கேனர்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ஒருவர் லாரி டயர் மாற்றுவதைச் சொன்னார். இன்னொருவர் ரொட்டி சானாய் மாவு வீசிக் காட்டினார், மாவில்லாமலே.

அந்த அம்மா எழுந்து, சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்த அட்டையை மார்போடு சாய்த்துக்கொண்டார். பேனாவை உளி மாதிரிப் பிடித்தார். இடுப்பு லேசாகத் திரும்பியது, முழங்கால் மடங்கியது, கால்கள் மரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நகர்ந்தன. ஒரே இழுப்பில் கோடு வந்தது. "ஆழம் எப்படித் தெரியும்?" என்று ஒரு மலாய் இளைஞன் கேட்டான். "காதுல கேக்கும்" என்றார். அவன் நம்பாமல் தானும் வாங்கி இழுத்துப் பார்த்தான். கோணிக்கொண்டு போனது. "காயம், காயம்" என்று அவர் சிரித்தார், அறையே சிரித்தது. அவன் கையைப் பிடித்து இன்னொரு முறை இழுக்கவைத்தார்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் வெளியே போன பிறகு அவர் மட்டும் பெட்டியிலிருந்து ஒரு ஸ்கேனரை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இதுல செவப்பு லைட்டு எரிஞ்சு கத்துதே, அது நான் செஞ்ச தப்பா, மெஷினு தப்பா?"